ஆறுதலா ஓடுற மெசின்

கலைப்பீடத்தில் புவியியல் படிக்கிற ஒருத்தி கொம்பியூட்டருக்குத் தண்ணி விடுகிறதைப் பற்றி எழுதப் போகிறாள் என்றதும் சிநேகிதியள் கேட்ட முதல் கேள்வி, "உனக்கேனடி இந்த வேலை?"

நியாயமான கேள்விதான். பதில் இதுதான்: இந்த விசயத்தைப் பற்றி நான் பார்த்த வீடியோக்களில் முக்கால்வாசிப் பேர் ஏ.சி. போட்ட ரூமுக்குள் இருந்து கதைக்கிறார்கள். அவர்களுடைய ரூமில் 21 பாகை. சித்திரை மாதம் மத்தியானம், சீற் போட்ட எங்கட வீட்டு ஹோலில் 34 பாகை. அவர்கள் சொல்கிற கணக்கு எங்களுக்குச் சரிவராது. இன்னொன்று, அவர்கள் தனி ரூமில் இருக்கிறார்கள். மெசின் எவ்வளவு கத்தினாலும் கேட்கிறது அவர்கள் மட்டும்தான். எங்களில் கனபேருக்கு அப்படியில்லை.

எங்கட வீட்டில் இரண்டு அறை. ஒன்று அம்மா அப்பாவுக்கு. மற்றதில் தம்பி ஏ.எல். படிக்கிறான். கொம்பியூட்டர் ஹோலில். அம்மம்மாவின் கட்டிலும் ஹோலில். இரண்டுக்கும் இடையில் நாலடி இருக்கும். நான் அந்த நாலடிக்குள் பாய் விரித்துப் படுக்கிறவள்.

மெசின் புதுசில்லை. கனடாவுக்குப் போன பெரியம்மாவின் மகன் விட்டுவிட்டுப் போனது. ரைசன் 5 3600 புரொசெசர், ஆர்.எக்ஸ். 580 கிராஃபிக்ஸ் கார்ட், ஒடுக்கமான ஒரு கேஸ். பகலில் கியூ.ஜி.ஐ.எஸ். இல் வரைபட வேலை, இரவில் கேம். விட்சர் 3 ஐ நான் முடித்ததே கம்பஸ் ஸ்ட்ரைக் நடந்த ஒரு மாதத்தில்தான். அப்போதெல்லாம் தலையில் ஹெட்செட் இருந்ததால் மெசின் போடுகிற சத்தம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. ஹெட்செட் இல்லாத ஆள் அம்மம்மா.

அம்மம்மா ஒருநாளும் முறைப்பாடு சொன்னதில்லை. "உந்த மெசினுக்குக் காய்ச்சலோ பிள்ளை?" என்று மட்டும் கேட்பா. ஆனால் ஒரு விசயம் எனக்கு விளங்கவேயில்லை. மேலே சுழலுகிற ஃபானின் கடகடப்புக்கு அவ எழும்புவதில்லை. பக்கத்து வளவில் தண்ணி இறைக்கிற மெசினுக்கும் எழும்புவதில்லை. கோயில் திருவிழா ஸ்பீக்கருக்குக்கூட நல்ல நித்திரை. என்னுடைய மெசினுக்கு மட்டும் திடுக்கிட்டு எழும்புவா.

ஒருநாள் இரவு ஒரு பெரிய வரைபடத்தைத் திறந்தேன். ஃபான் மெல்லிசாகத் தொடங்கி, கூடிக் கூடி, உச்சத்துக்குப் போனது. அம்மம்மா எழும்பி இருந்தா. மெசினைப் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்தா. அந்த நேரம் நான் ஒன்றும் கேட்கவில்லை, அவவும் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்தநாள் குசினிக்குள் அம்மாதான் சொன்னா. 95 இடப்பெயர்வோடு வன்னிக்குப் போன குடும்பம் எங்கட. அங்க கிபிர் வரும்போது முதலில் எங்கேயோ தூரத்தில் மெல்லிசாக ஒரு சத்தம், பிறகு கூடிக்கொண்டே வரும். அது கூடத் தொடங்கினால் பங்கருக்கு ஓட வேண்டும். 2002 இல் பாதை திறந்த பிறகு ஊருக்குத் திரும்பி வந்தார்கள். நான் பிறந்தது அதுக்குப் பிறகு. எனக்கு அந்தச் சத்தம் தெரியாது.

ஆக, எங்கட வீட்டுப் பிரச்சினை சத்தம் எவ்வளவு என்பதில்லை. சத்தம் ஏறுகிறது என்பது. இதைப் பிடித்த பிறகுதான் தண்ணியைப் பற்றி நான் வாசித்ததெல்லாம் வேற மாதிரி விளங்கத் தொடங்கியது.

மெசின் ஏன் கத்துகிறது? ரைசன் 5 3600 இல் கணக்குப் போடுகிற சிலிக்கன் துண்டின் பரப்பு 74 சதுர மில்லிமீற்றர். சின்னி விரல் நகத்தளவு. முழு வேலை செய்யும்போது அந்தப் புரொசெசர் 88 வாற் வரை இழுக்கும். இழுக்கிறது முழுக்கச் சூடாகத்தான் வெளியே வருகிறது. பழைய 100 வாற் குண்டு பல்பைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கிட்டத்தட்ட அந்தச் சூடு நகத்தளவு இடத்தில். 95 பாகையைத் தாண்ட விடாமல் அது தன்னுடைய வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கேம் இழுபடத் தொடங்குவது அப்போதுதான்.

பெட்டியோடு வருகிற கூலர் ஒரு சின்ன அலுமினியக் கட்டியும் ஒரு சின்ன ஃபானும். கட்டி சின்னது, அதனால் சூட்டை வைத்திருக்க இடமில்லை. ஒரு ஃபைலைத் திறந்தாலே சூடு ஒரு செக்கனில் 10, 15 பாகை பாயும். மதர்போர்ட் பயந்துபோய் ஃபானை முடுக்கும். ஃபைல் திறந்து முடிய இறக்கும். ஏறி இறங்கி, ஏறி இறங்கி. அம்மம்மாவை எழுப்பினது அதுதான்.

ஃபானைப் பற்றி இரண்டு கணக்குத் தெரிந்திருந்தால் போதும். வேகத்தைப் பாதியாக்கினால் சத்தம் ஏறத்தாழ 15 டெசிபெல் இறங்கும். மனுசக் காதுக்கு 10 டெசிபெல் இறங்கினாலே பாதியாகிவிட்ட மாதிரி இருக்கும். அதேநேரம் ஒரே மாதிரியான ஃபான் இரண்டைச் சேர்த்துப் போட்டால் கூடுவது 3 டெசிபெல்தான். அதாவது, வேகமாக ஓடுகிற ஒரு சின்ன ஃபானை விட மெதுவாக ஓடுகிற இரண்டு பெரிய ஃபான் எவ்வளவோ நல்லது. பிரச்சினை, அந்தச் சின்னக் கட்டியில் இரண்டு பெரிய ஃபான் பூட்ட இடமில்லை. சூட்டை வேற இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். தண்ணி அதுக்குத்தான்.

ஏ.எல். இல் புவியியல் செய்தவர்களுக்குக் கடற்காற்று, தரைக்காற்று ஞாபகம் இருக்கும். பகலில் தரை கெதியாகச் சூடாகும், கடல் ஆறுதலாகச் சூடாகும். இரவில் தரை கெதியாக ஆறிவிடும், கடல் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். காரணம் தண்ணியின் தன்வெப்பக் கொள்ளளவு. ஒரு கிலோ தண்ணியை ஒரு பாகை சூடாக்கக் கிட்டத்தட்ட 4,200 யூல் வேண்டும், காற்றுக்கு 1,000 போதும். கன அளவில் பார்த்தால் வித்தியாசம் இன்னும் பெரிது: ஒரு லீற்றர் தண்ணி, ஒரு லீற்றர் காற்றைப் போல 3,000 மடங்குக்கு மேல் சூட்டைச் சுமக்கும். பரீட்சைக்குப் பாடமாக்கின விசயம் ஒரு நாள் என்னுடைய மேசைக்குக் கீழே வேலை செய்யும் என்று நினைத்திருக்கவில்லை.

அமைப்பு சிக்கலில்லை. புரொசெசருக்கு மேலே ஒரு செப்புத் தட்டு. அதுக்கு மேலால் தண்ணி ஓடும். ஒரு சின்னப் பம்ப் அந்தத் தண்ணியை ரியூப் வழியாக றேடியேற்றருக்குத் தள்ளும். மெல்லிசான தகடுகள் நிறைந்த றேடியேற்றரில் ஃபான் காற்றை ஊதி சூட்டைக் கழற்றிவிடும். ஆறின தண்ணி திரும்ப வரும். பஸ் எஞ்சினுக்கு முன்னால் இருப்பதும் இதே சாமான்தான்.

இதில் எங்கட ஆக்கள் இரண்டு விசயத்தைப் பிழையாக விளங்கிக்கொள்கிறார்கள்.

முதலாவது, "தண்ணி விட்டா மண்பானை மாதிரிக் குளிரும்தானே" என்பது. மண்பானை குளிர்வது தண்ணி கசிந்து ஆவியாவதால். இது அடைத்துப் பூட்டின குழாய், ஒன்றும் ஆவியாகாது. அதனால் ஹோலில் 34 பாகை என்றால் தண்ணி ஒருநாளும் 34 க்குக் கீழே போகாது. ஏ.சி. ரூமில் இருந்து "என்ர புரொசெசர் 55 பாகைதான்" என்று ஒருவர் சொன்னால், எங்கட வீட்டில் 13 பாகையைக் கூட்டிக்கொள்ளுங்கோ.

இரண்டாவது, சூடு இல்லாமல் போய்விடும் என்பது. போகாது. புரொசெசர் 88 வாற், ஆர்.எக்ஸ். 580 இன்னொரு 185 வாற். கேம் விளையாடும்போது கிட்டத்தட்ட மூன்று குண்டு பல்பின் சூடு அறைக்குள் வரும். காற்றால் ஆறினாலும் தண்ணியால் ஆறினாலும் அந்தக் கணக்கு மாறாது. தண்ணி ஒரு வாய்க்கால் மட்டும்தான். கிணற்றடியில் இருந்து தோட்டத்துக்கு வெட்டின வாய்க்கால் மாதிரி, ஓரிடத்தில் கிடக்கிறதை இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகும். அதனால் நான் முதல் செய்த வேலை மேசையைத் திருப்பி, கேஸின் பின்பக்கத்தை யன்னலுக்கு நேரே வைத்ததுதான்.

சாமான் வாங்க முதல் காசில்லாமல் செய்யக்கூடியது கனக்க இருக்கு. நானும் அதில்தான் தொடங்கினேன். கேஸைக் கழற்றிச் செம்மண் புழுதியை ஒரு பெயின்ற் பிரஸ்ஸால் தட்டினேன். பழைய தேர்மல் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பு மாதிரி இருந்தது, துடைத்துப் புதுசு வைத்தேன். பிறகு பயோஸுக்குள் போய் ஃபான் எத்தனை பாகையில் எவ்வளவு வேகம் ஓட வேண்டும் என்கிற கோட்டை மாற்றினேன். சில மதர்போர்ட்களில், சூடு ஏறி எத்தனை செக்கனுக்குப் பிறகு ஃபான் வேகம் பிடிக்க வேண்டும் என்றும் சொல்லலாம். கனபேருடைய சத்தப் பிரச்சினை இந்த இடத்திலேயே முடிந்துவிடும். உங்களுக்கு முடிந்துவிட்டால் சந்தோசமாக மிச்சத்தை வாசிக்காமல் விடலாம்.

எனக்குப் பாதிதான் முடிந்தது. சின்னக் கட்டிக்குப் பொறுமை கிடையாது, ஃபானைக் கனநேரம் பிடித்து வைத்தால் 90 ஐத் தாண்டிவிடும்.

அடுத்தது, தண்ணியில்லாத உயரமான கூலர். இதை நான் மறைக்கக்கூடாது: ரைசன் 5 3600 மாதிரி ஒரு புரொசெசருக்கு நல்ல உயரக் கூலர் ஒன்று தாராளமாகப் போதும். விலையும் குறைவு, பழுதாக பம்ப் என்று ஒன்றும் இல்லை. அதுக்குள் இருக்கிற செப்புக் குழாய்களிலும் கொஞ்சம் தண்ணி இருக்கு, அது ஆவியாகி மேலே போய்ச் சூட்டை விட்டுவிட்டுத் திரும்பி வரும். காற்றுக் கூலர் என்று சொல்வதற்குள்ளேயும் தண்ணிதான் வேலை செய்கிறது. உங்கட கேஸ் அகலமென்றால் அதையே வாங்குங்கோ. என்னுடைய கேஸ் ஒடுக்கம், உயரக் கூலர் பூட்டினால் பக்கக் கதவு மூடாது. ஆனால் முன்பக்கத்தில் 120 மில்லிமீற்றர் ஃபான் இரண்டு நிற்க இடமிருந்தது. அப்படித்தான் தண்ணிக்கு வந்தேன்.

தண்ணியில் இரண்டு வகை. ஒன்று, பம்ப், தொட்டி, றேடியேற்றர், ரியூப் எல்லாவற்றையும் தனித்தனியாக வாங்கி நாங்களே பூட்டுவது. பார்க்க வடிவு. ஆனால் செலவு பல மடங்கு, வருசத்துக்கொருக்கா கழற்றித் தண்ணி மாற்ற வேண்டும். செப்பையும் அலுமினியத்தையும் ஒரே தண்ணிக்குள் தெரியாமல் சேர்த்தால் அலுமினியம் அரித்துப்போகும். தொடங்குகிற ஆளுக்கு இது தேவையில்லை.

மற்றது ஏ.ஐ.ஓ. என்கிற, பக்டரியிலேயே தண்ணி நிரப்பி அடைத்து வருகிற வகை. டென்மார்க்கின் ஏசெடெக் கம்பனி இதைப் பிரபலமாக்கினது. வேற வேற பெயரில் விற்ற கனக்கக் கூலர்களுக்கு உள்ளே இருந்தது அவர்களுடைய பம்ப்தான். றேடியேற்றரின் அளவைப் பார்த்து 120, 240, 360 என்று சொல்வார்கள். 240 என்றால் 120 மில்லிமீற்றர் ஃபான் இரண்டு. பொதுவாக றேடியேற்றரின் தடிப்பு 27 மில்லிமீற்றர், ஃபான் 25. இரண்டையும் சேர்த்து 52. உங்கட கேஸுக்குள் அந்த 52 இருக்கா, கிராஃபிக்ஸ் கார்ட் இடிக்காதா என்று அடிமட்டம் வைத்து அளந்துபோட்டுக் கடைக்குப் போங்கோ.

நான் அப்படி அளந்து, ஒரு கொப்பித் தாளில் எழுதிக்கொண்டுதான் போனேன். கடையில் நின்ற பெடியன் கேட்டான், "தம்பிக்கோ வாங்குறீங்கள்?" கூட வந்த தம்பி, "இல்லையண்ணை, நான் ஆணி பிடிக்க வந்தனான்" என்றான். அந்தக் கடையில் என்னிடம் இருக்கிற ஏ.எம். 4 சொக்கற்றுக்குப் பூட்டக்கூடியது இருக்கவில்லை. கடைசியில் கொழும்பில் இருந்து எடுப்பித்தேன். இரண்டு பிள்ளைகளுக்கு ரியூசன் சொல்லிக்கொடுத்துச் சேர்த்த காசு, நாலு மாதத்தது. மஹாபொலக் காசில் கை வைக்கவில்லை.

பூட்டுகிற நேரம் கவனிக்க வேண்டியவை கொஞ்சம்தான், ஆனால் முக்கியம். பழைய கூலரைக் கழற்ற முதல் மெசினைப் பத்து நிமிடம் ஓடவிட்டுச் சூடாக்கி, பிறகு கரண்டை நிப்பாட்டி, கூலரை மெல்லமாக இடமும் வலமும் திருகி எடுங்கோ. நேரே இழுத்தால் ஏ.எம். 4 இல் புரொசெசரும் சேர்ந்து சொக்கற்றில் இருந்து வந்துவிடும். பேஸ்ட் ஒரு பட்டாணியளவு போதும். திருகாணிகளை மூலைக்கு மூலை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கோ.

றேடியேற்றரை எங்கே வைப்பது என்பதில்தான் கூடப் பிழை நடக்கிறது. உள்ளே எப்போதும் கொஞ்சக் காற்று இருக்கும், காற்று உயரத்துக்குப் போகும். அதனால் றேடியேற்றரின் உச்சி பம்பை விட உயரத்தில் இருக்க வேண்டும். பம்ப் உயரத்தில் இருந்தால் காற்று அதுக்குள் போய் நிற்கும், தண்ணி கொப்புளிக்கிற மாதிரி ஒரு சத்தம் விடாமல் கேட்கும், பம்பின் ஆயுளும் குறையும். முதல் நாள் கொஞ்சம் களகள என்றால் பயப்பட வேண்டாம். காற்று மேலே போனதும் அடங்கிவிடும்.

இன்னொன்று யாழ்ப்பாணத்து ஆக்களுக்கு. இப்படியான ஒன்றைக் கழற்றி, "தண்ணி குறைஞ்சு போச்சு, கொஞ்சம் விடுவம்" என்று கிணற்றுத் தண்ணியை விட்டுவிடாதையுங்கோ. எங்கட நிலத்துக்குக் கீழே இருப்பது சுண்ணக்கல். கேத்திலுக்குள் வெள்ளையாகப் படிகிறதைப் பார்த்திருப்பீர்கள். மயிர்க்கோடு மாதிரி ஓட்டைகள் உள்ள செப்புத் தட்டுக்குள் அது படிந்தால் கதை முடிந்தது. ஏ.ஐ.ஓ. இன் உள்ளே இருப்பதும் வெறும் தண்ணியில்லை, அரிப்பைத் தடுக்கிற மருந்து கலந்தது. தொடாமல் விடுவதுதான் பராமரிப்பு. வெளியே றேடியேற்றரின் தகடுகளில் படிகிற செம்மண்ணை மட்டும் மாதத்துக்கொருக்கா தட்டிவிட வேண்டும்.

இப்ப முக்கியமான இடம். தண்ணிக் கூலரைப் பூட்டினால் மட்டும் சத்தம் ஏறி இறங்குவது நிற்காது. சிப்பின் சூடு இப்பவும் பாயும், ஃபானும் அதைப் பார்த்துத்தான் ஓடும். தண்ணியின் சூட்டைப் பார்த்து ஃபானை ஓட்டுகிற வகைகள் இருக்கு, என்னுடையது அப்படியில்லை. ஆனால் 200 மில்லிலீற்றர் தண்ணியை 88 வாற்றால் ஒரு பாகை ஏற்றக் கிட்டத்தட்ட 10 செக்கன் எடுக்கும். ஃபைல் திறக்கிற இரண்டு செக்கன் பாய்ச்சல் தண்ணிக்கு ஒரு பொருட்டேயில்லை. அந்த நேரம் ஃபானை அவசரப்படுத்தத் தேவையில்லை. அதனால் பயோஸில் கோட்டைத் தட்டையாக்கினேன்: 70 பாகை வரை நிமிடத்துக்கு 800 சுற்று, அதுக்குப் பிறகு மெல்ல மெல்ல ஏற்றம். பம்ப் மட்டும் எப்போதும் ஒரே வேகம். சின்னக் கட்டியோடு இப்படிச் செய்ய ஏலாது. தண்ணியோடு ஏலும்.

எங்கட ஊரில் தேத்தண்ணி சூடு தணிந்தால் ஆறிப்போச்சு என்போம். அவசரப்படாமல் செய் என்பதற்கு ஆறுதலாச் செய் என்போம். துக்கத்தில் இருக்கிறவருக்குச் சொல்வதும் ஆறுதல்தான். அன்றைக்கு அந்த மூன்றும் ஒரு கேஸுக்குள் இருந்த மாதிரி இருந்தது.

பூட்டி முடித்த இரவு விட்சரைத் திரும்பத் தொடங்கினேன். ஹோலில் 31 பாகை. முன்பு 85 ஐத் தொடுகிற புரொசெசர் 67 இல் நின்றது. ஆனால் ஒரு புதுச் சத்தம் வந்தது, சொன்னால் சரியாக, பழைய சத்தம் புதிதாகக் கேட்டது. கிராஃபிக்ஸ் கார்ட். புரொசெசர் கத்தினதில் இவ்வளவு நாளும் அது மறைந்திருந்தது. ஒரு சத்தத்தை அடக்கினால் அடுத்த பெரிய சத்தம் வெளியே வரும். இதை எதிர்பார்த்து வைத்திருங்கோ. அதுக்குத் தண்ணி விடவில்லை. என்னுடைய மொனிற்றர் செக்கனுக்கு 60 படம்தான் காட்டும். கார்ட் 90, 100 என்று கீறிக்கொண்டிருந்தது, யாரும் பார்க்காத படங்களுக்காக வேர்த்துக்கொண்டு. செற்றிங்கில் 60 என்று கட்டினேன். மின்னழுத்தத்தையும் கொஞ்சம் குறைத்தேன். ஒரு ரூபா செலவில்லை, கார்ட்டின் ஃபான் பாதியாக அடங்கியது.

இது நிரந்தரமில்லை என்றும் சொல்ல வேண்டும். பம்ப் ஒருநாள் நிற்கும். தண்ணி ரியூப் வழியாக மிக மெல்லமாகக் கசிந்து வருசக்கணக்கில் குறையும். வாங்கும்போது எத்தனை வருச வொறண்டி, அதை இலங்கையில் யார் பொறுப்பெடுப்பது என்று கேட்டு பில்லைக் கவனமாக வையுங்கோ. பழைய கூலரை எறியாதையுங்கோ. என்னுடையது அலுமாரிக்கு மேலே ஒரு ஷொப்பிங் பையில் இருக்கு.

மூன்றாம் நாள் இரவு பதினொன்றரைக்கு அம்மம்மா தண்ணி குடிக்க எழும்பினா. நான் கேம் விளையாடிக்கொண்டிருந்தேன். "இண்டைக்கு மெசின் போடேல்லையோ பிள்ளை?" என்று கேட்டா. "ஓடிக்கொண்டுதான் இருக்கு அம்மம்மா" என்றேன். கிட்ட வந்து கேஸின் மேல் கையை வைத்துப் பார்த்தா. "ஓம், சூடு கிடக்குத்தான்" என்றுவிட்டுப் போய்ப் படுத்திட்டா.

தொடங்கப் போகிறவர்கள் ஒரு வேலை செய்யுங்கோ. முதல் நாள் சாமான் விலை பார்க்க வேண்டாம். இரவு எல்லாரும் படுத்த பிறகு ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு, மெசின் ஓட ஓட, உங்கட வீட்டில் ஆர் எங்க படுக்கினமோ அங்க போய் ஐந்து நிமிடம் இருந்து கேளுங்கோ. எந்த ஃபான், எந்த நேரம், ஏறுகிற சத்தமா, ஒரே சத்தமா என்று எழுதுங்கோ. என்ன வாங்க வேண்டும், வாங்கத்தான் வேண்டுமா என்பது அந்தத் தாளில் இருக்கும்.